மாட்டு டாக்டருக்கும் கம்பவுண்டருக்கும் நடுவே ஒருவர்

வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர் பதில்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் கால்நடை மருத்துவத்தில் ஓர் இடைநிலைப் பணியாளரைப் புதிதாக உருவாக்கியிருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள், வழக்கமாக வரும் உண்ணி, கோமாரி, கோழிக்கழிச்சல் கேள்விகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொலராடோவில் என் மகள் குடும்பத்தோடு இருக்கிறாள். அவர்கள் வளர்க்கும் நாய்க்கு இனிமேல் டாக்டர் அல்லாத ஒருவரும் வைத்தியம் பார்க்கலாம், அறுவைச் சிகிச்சைகூடச் செய்யலாம் என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொல்கிறாள். அங்கேயும் போலி மருத்துவர்களா, ஐயா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

போலி என்ற சொல்லை விட்டுவிடுவோம், அம்மா. சட்டத்தின் வழியாக உருவாக்கப்பட்டு, மாநிலக் கால்நடை மருத்துவ வாரியத்தின் பொறுப்புக்குள் வரும் ஒருவரை அப்படிச் சொல்வது நியாயமாகாது. 2024 நவம்பர் 5 அன்று, அதிபர் தேர்தலுக்கான அதே வாக்குச்சீட்டில், கொலராடோ வாக்காளர்களிடம் 129-ஆம் முன்மொழிவு என்ற ஒரு கேள்வியும் வைக்கப்பட்டது. கால்நடை மருத்துவருக்கும் அவருக்கு உதவும் டெக்னீஷியனுக்கும் இடையில் ‘வெட்டரினரி புரொஃபஷனல் அசோசியேட்’ என்ற புதிய பணியை உண்டாக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர் ஆம் என்று சொல்ல, முன்மொழிவு நிறைவேறி, 2026 ஜனவரி 1 முதல் சட்டமாகியிருக்கிறது. கால்நடைச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவர், உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், அவர் ஒப்படைக்கும் வேலைகளைத் தம் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உட்பட்டுச் செய்யலாம். அவர் செய்வதற்கு அந்த மருத்துவரும் பொறுப்பாவார். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதற்கு முன்னின்று பணமும் உழைப்பும் செலவிட்டவை விலங்குக் காப்பகங்கள். டென்வரில் 1910-இல் தொடங்கிய ‘டம்ப் ஃபிரெண்ட்ஸ் லீக்’ அவற்றுள் ஒன்று. நாம் வாயில்லா ஜீவன் என்று சொல்வதைத்தான் அவர்களும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெயராக வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. காப்பகத்துக்கு வரும் நாய், பூனைகளுக்குக் கருத்தடை செய்ய மருத்துவர் கிடைப்பதில்லை, தனியார் மருத்துவமனையில் ஆகும் செலவைத் தாங்க முடியாதவர்கள் வளர்ப்பு விலங்குகளைக் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள் என்பவை அவர்களுடைய வாதங்கள். எதிர்த்து நின்றவை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் கொலராடோ மாநிலச் சங்கமும். அவர்களுடைய கவலை பெரும்பாலும் படிப்பைப் பற்றியது. அமெரிக்காவில் கால்நடை மருத்துவராவதற்கு, கல்லூரிப் படிப்புக்குப் பிறகு நான்கு ஆண்டுத் தொழிற்படிப்பும் நாடு தழுவிய உரிமத் தேர்வும் உண்டு. ஃபோர்ட் காலின்ஸில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இந்தப் புதிய பணிக்காக வகுத்த பாடத்திட்டமோ ஐந்து பருவங்கள் கொண்டது. அதில் முதல் மூன்று பருவங்கள் இணையவழிப் பாடம், நான்காவது செய்முறை, ஐந்தாவது களப்பயிற்சி.

தங்கள் மகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: கத்தியைப் பிடிக்கப்போவது யார் என்பது ஒன்று, அந்த நேரத்தில் மேற்பார்வை மருத்துவர் அதே கட்டடத்தில் இருப்பாரா என்பது மற்றொன்று. இதைக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். மனிதர்களுக்கே நர்ஸ் பிராக்டிஷனர்களும் பிசிஷியன் அசிஸ்டென்டுகளும் அங்கே அறுபது ஆண்டுகளாகச் சிகிச்சை தருகிறார்கள். மனிதருக்கு ஆகும் ஏற்பாடு நாய்க்கு ஆகாதா?
— ஒரு வாசகி, மதுரை

வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இது. ஆதரவாளர்களும் தேர்தலுக்கு முன்பு இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணியே கொலராடோவில்தான் பிறந்தது. 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரச் செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தைநல மருத்துவரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அம்மையார் நூற்றுநான்கு வயது வரை வாழ்ந்து, 2025 ஜனவரியில்தான் மறைந்தார். அதே 1965-இல், நாட்டின் மறுகோடியில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாகப் பணியாற்றிவிட்டு வந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். அன்றைய மருத்துவர்களும் முணுமுணுத்தார்கள். இன்று அந்த இரண்டு பணிகளும் இல்லாமல் அமெரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகள் நடக்காது.

ஆனால் அந்த இரண்டு தொடக்கங்களிலும் யாரை எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஃபோர்டு எடுத்துக்கொண்டது செவிலியர்களை. ஸ்டெட் எடுத்துக்கொண்டது போர்க்கப்பலில் காயம் கட்டிப் பழகியவர்களை. நோயாளியின் பக்கத்தில் பல ஆண்டுகள் நின்று கண் பழகிய ஒருவருக்கு மேற்கொண்டு படிப்பைக் கொடுத்து ஒரு படி உயர்த்தினார்கள். கொலராடோவின் புதிய சட்டம் முதுநிலைப் பட்டத்தைக் கேட்கிறதே தவிர, இத்தனை ஆண்டு டெக்னீஷியனாக உழைத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கீழிருந்து ஏற்றுவதற்குப் பதிலாக, மேலே உள்ள படிப்பைக் கத்தரித்து நடுவில் ஒரு படி போட்டிருக்கிறார்கள். எனக்கு உள்ள முதல் மனத்தடை இதுதான்.

இரண்டாவது தடை அறுவைச் சிகிச்சை. பிசிஷியன் அசிஸ்டென்ட் அறுவை அரங்கில் மருத்துவருக்குக் கைகொடுப்பார். தாமே தனியாக நின்று வயிற்றைத் திறந்து கருப்பையை எடுப்பதில்லை. காப்பகங்களுக்கோ முதன்மையாகத் தேவைப்படுவதே கருத்தடை அறுவைதான். பெண் நாய்க்குக் கருத்தடை என்பது அன்றாட வேலை என்று சொல்கிறார்கள். நானும் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன், அன்றாட வேலைதான். இளைத்த ஒரு தெருநாயில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதே அறுவையை வீட்டில் சோறும் பிஸ்கட்டும் தின்று கொழுத்த ஆறு வயது லாப்ரடாரில் செய்து பார்க்க வேண்டும். சினைப்பையைப் பிடித்திருக்கும் தசைநாரைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனியால் தடவி, இதற்கு மேல் இழுத்தால் இரத்தக்குழாய் அறுந்துவிடும் என்று உணரும் இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் அறுக்க வேண்டும். கொழுப்புக்குள் புதைந்த, இரத்தக்குழாய் ஓடும் சினைப்பைக் காம்பைச் சுற்றிப் போட்ட முடிச்சு வழுக்கிவிட்டால், அறுத்த நுனி சிறுநீரகத்தின் பக்கமாக உள்ளே ஓடி மறைந்துவிடும். அடுத்த சில நொடிகளில் வயிற்றுக்குள் இரத்தம் குளம் கட்டும். அப்போது கீறலைப் பெரிதாக்கிக் குடலை ஒதுக்கி, இரத்தத்துக்குள் கையை விட்டு அந்த நுனியைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் யார்? அடுத்த அறையில் இருக்கும் மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு வருவதற்குள் காலம் கடந்துவிடலாம். அறுவையை ஐந்து பருவத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அது பிசகும்போது செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுக்க அந்தக் காலம் போதாது.

இன்னொன்றையும் செவிலியரான தாங்கள் எளிதில் ஒப்புக்கொள்வீர்கள். மனித மருத்துவத்தில் ஒரே இனம். அதிலும் குழந்தைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மயக்கம் கொடுக்க ஒருவர் என்று ஆட்கள் பிரிந்து நிற்கிறார்கள், சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்க இடம் இருக்கிறது. சிறிய கால்நடை மருத்துவமனையில் இத்தனை பேரும் ஒரே ஆள். நாய்க்குக் கவனமாகக் கொடுக்கக்கூடிய பாராசிட்டமால் பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும் என்பது போன்ற இன வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நோயாளியோ எங்கே வலிக்கிறது என்று சொல்லாது.

மேற்பார்வை மருத்துவர் ஒப்படைத்தால் அந்த அசோசியேட் மருந்துச்சீட்டு எழுதலாமா?
— ஒரு மருந்தாளுநர், திருச்சி

இங்கேதான் கொலராடோ சட்டம் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறது. நாய், பூனைகளுக்கு அன்றாடம் கொடுக்கும் மருந்துகளில் கணிசமானவை மனிதருக்காக ஒப்புதல் பெற்றவை. லேபிளில் சொல்லாத முறையில்தான் அவற்றை விலங்குக்குக் கொடுக்கிறோம். அப்படிக் கொடுக்கும் உரிமையை 1994-இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒன்று உரிமம் பெற்ற கால்நடை மருத்துவருக்கு மட்டுமே தந்திருக்கிறது. தீவனத்தில் கலந்து கொடுக்கும் முக்கியமான ஆண்டிபயாடிக்குகளுக்கும் மருத்துவரின் ஆணை வேண்டும். மாநில வாக்கெடுப்பால் கூட்டரசுச் சட்டத்தை மாற்ற முடியாது. ஆகவே நோயைக் கண்டறிந்த பிறகும் மருந்துக்காக மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். அதற்கு நிறைவான பதிலை நான் இதுவரை படிக்கவில்லை.

அங்கே ஏற்கெனவே டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கே கூடுதல் வேலையும் கூடுதல் சம்பளமும் கொடுத்தால் போதாதா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

என் கருத்தும் அதுவே. பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் முடித்து வரும் இந்த டெக்னீஷியன்களில் பலர், நாயைப் பிடித்துக்கொள்வதற்கும் கூண்டைக் கழுவுவதற்குமே பயன்படுத்தப்பட்டுச் சலித்துப்போய் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள் என்பது அந்தத் துறையின் பழைய புலம்பல். கொலராடோ சட்டமன்றமே அதே 2024-இல் டெக்னீஷியன்களின் பணி எல்லையை விரிக்கும் சட்டம் ஒன்றையும், தொலைவழிச் சிகிச்சைக்கான சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியிருந்தது. அவை பலன் தருகின்றனவா என்று பார்ப்பதற்குள் வாக்கெடுப்பு வந்துவிட்டது.

பிரிட்டனில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்கே 1966-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பதிவுபெற்ற கால்நடைச் செவிலியர் மருத்துவரின் பணிப்புரையின்படி சிகிச்சை அளிக்கலாம், உடற்குழிக்குள் நுழையாத சிறு அறுவைகளையும் செய்யலாம் என்கிறது. தோலில் உள்ள கட்டியை எடுக்கலாம், காயத்தைத் தைக்கலாம். வயிற்றைத் திறக்கக் கூடாது. வாதாட இடமில்லாதபடி எங்கே கோடு போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாசகத்தை நான் பார்த்ததில்லை.

செலவு குறையும் என்ற வாதத்தைப் பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். குறைந்த சம்பளத்தில் ஓர் ஆள் கிடைத்தால் மருத்துவமனை உரிமையாளருக்கு நிச்சயம் லாபம். அந்த லாபம் நாயின் சொந்தக்காரருக்கு வந்து சேரும் என்பதற்குச் சட்டத்தில் எந்தப் பிடிமானமும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகள் வேகமாகப் பெருநிறுவனங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சாக்லேட் விற்கும் மார்ஸ் நிறுவனம்தான் 2017-இல் விசிஏ என்ற மிகப் பெரிய மருத்துவமனைச் சங்கிலியை வாங்கியது.

நான் கால்நடை ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். கிளை நிலையத்தில் தனியாளாக இருந்து சினை ஊசி, தடுப்பூசி, காயடிப்பு, முதலுதவி எல்லாம் பார்க்கிறேன். நடு இரவில் மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது விவசாயி என்னைத்தான் எழுப்புகிறார். ஆனால் ‘இடைநிலை’ என்று பேச்செடுத்தாலே டாக்டர்கள் சங்கம் எகிறுகிறது. தங்கள் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தானே கொலராடோவிலும் எதிர்க்கிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள், சார்.
— ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பிழைப்பு என்ற காரணம் அறவே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்பவன் ஆவேன். கடன் வாங்கிப் படித்து முடித்து வருபவர், தன் வேலையில் பாதியைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்ய ஓர் ஆள் வருகிறார் என்றால் கலங்கத்தான் செய்வார். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘விலங்கின் பாதுகாப்பு’ என்ற போர்வையைப் போர்த்துவது எங்கள் தொழிலின் பலவீனம்.

ஆனால் நீங்கள் கொலராடோ அசோசியேட்டுக்குச் சமமானவர் அல்லர். ஒரு விதத்தில் குறைவு, ஒரு விதத்தில் கூடுதல். சட்டப்படி பார்த்தால், 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் அல்லாதவர் கால்நடை மருத்துவம் செய்யக் கூடாது என்கிறது. அதே பிரிவு, உரிய பட்டயமோ சான்றிதழோ உள்ளவர்கள் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் ‘சிறு கால்நடைச் சேவைகள்’ செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதலுதவிகளும், அரசு அறிவிக்கையில் குறிப்பிடும் பிற உபாதைகளுக்கான சிகிச்சையும் அதில் அடங்கும். அமெரிக்கர்கள் இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இடைநிலையை நாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் எழுதி வைத்துவிட்டோம். எழுதி வைத்த ‘மேற்பார்வை’ என்ற சொல்லைத்தான் நடைமுறையில் தொலைத்துவிட்டோம். 5,000 கால்நடைக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-இல் சொன்னது. பல இடங்களில் அந்தக் கணக்கு எட்டாக்கனியாகவே இருக்க, உங்கள் மேற்பார்வை மருத்துவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், மூன்று ஊர் மருந்தகங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சுமந்துகொண்டு இருப்பார். நடு இரவில் நீங்கள் செய்வதை அவர் மேற்பார்க்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தவறு நேர்ந்தால் மட்டும் சட்டம் உங்களைத் தனியாக நிறுத்தும். உங்கள் குறை இதுதான் என்றால் அதில் எனக்கு முழு உடன்பாடு.

கூடுதல் என்று சொன்னதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றே போதும். பட்டம் வாங்கி முதல் பணியிடத்தில் சேர்ந்த சில மாதங்களில் ஒரு சாயங்காலம், கன்று ஈன்று இரண்டு நாளான ஜெர்சி கலப்பின மாடு எழுந்திருக்கவில்லை என்று அழைத்துப் போனார்கள். மாடு கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. காது சில்லென்று இருந்தது, வெப்பமானியில் சூடு இயல்புக்கும் கீழே. பாடப்புத்தகத்தில், இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால்சுரம் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் படம் அப்படியே கண்முன் கிடந்தது. கால்சியம் பாட்டிலை எடுத்துக் கழுத்து நரம்பில் ஊசியைப் போட்டுக் குழாயையும் மாட்டிவிட்டேன். என்னோடு வந்தவர் இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஆய்வாளர். ஊர்க்காரர்களுக்கு அவர் கம்பவுண்டர். “சார், மடியைப் பாத்தீங்களா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து ஒரு காம்பைப் பீச்சி உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். பால் இல்லை, திப்பி திப்பியாக மஞ்சள் தண்ணீர். கடுமையான மடிவீக்கம், விஷம் உடம்பு முழுவதும் ஏறிய நிலை. அந்த நிலையில் இதயத்தால் கால்சியத்தைத் தாங்க முடியாது. வேகமாக ஏற்றியிருந்தால் பாட்டில் காலியாவதற்கு முன்பே மாடு போயிருக்கும். குழாயை அடைத்தேன். கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. மாடு ஒரு காம்பை இழந்து, மூன்றாம் நாள் எழுந்து நின்றது.

ஐந்தரை ஆண்டுப் படிப்புக்குத் தெரியாதது அந்த இருபது ஆண்டுக் கண்ணுக்குத் தெரிந்தது. இதை நான் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. மடிவீக்கம் என்று அவர் கண்டுகொண்டார். அதன் பிறகு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளைக்குப் பாலை ஊற்றக் கூடாது என்று முடிவு செய்ய என் படிப்பு வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே மாட்டின் பக்கத்தில் நின்றதால் மாடு பிழைத்தது. கொலராடோவின் புதிய பணியில் எனக்குள்ள உறுத்தலே, மருத்துவரின் படிப்பும் முழுதாக இல்லாத, கம்பவுண்டரின் ஆண்டுகளும் இல்லாத ஒருவர், மருத்துவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்தக் குழாயைத் திறக்கக்கூடும் என்பதுதான்.

குறைந்த பயிற்சி பெற்றவர்களை நம்பிக் கால்நடைத் துறையில் பெரிதாக எதையாவது சாதித்த வரலாறு உண்டா?
— ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

உண்டு, அதைவிடப் பெரிய சாதனை எங்கள் துறையிலேயே இல்லை. நம் தாத்தாக்கள் வெக்கை என்று சொல்லி நடுங்கிய மாட்டு நோய், பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. அதன் கடைசிப் புகலிடங்கள், எத்தியோப்பியாவின் அஃபார், உகாண்டாவின் கரமோஜா, அன்றைய தெற்கு சூடான் போன்ற, சாலையும் மின்சாரமும் இல்லாத, போர் நடந்துகொண்டிருந்த மேய்ச்சல் நிலங்கள். எந்த மருத்துவரும் போக முடியாத அந்த இடங்களில், மேய்ப்பர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசியை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் நடந்தே போய்ப் போட்டார்கள். எந்த மந்தையில் நோய் இருக்கிறது என்ற தகவலையும் அவர்களே கொண்டுவந்தார்கள்.

அந்த வெற்றி எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை ஒன்று, மருந்து ஒன்று, அளவு ஒன்று. யாரும் அவர்களிடம் நோயைக் கண்டறிந்து வயிற்றைத் திறக்கச் சொல்லவில்லை.

கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கா போய் இந்த அசோசியேட் படிப்பைப் படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்குமா?
— ஒரு மாணவி, நாமக்கல்

வேண்டாம், அம்மா. அந்தப் பட்டம் கொலராடோ சட்டத்தை நம்பி உருவானது. எல்லை தாண்டி அடுத்த மாநிலம் போனால் அதே மதிப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் பெறப்போவது முழு மருத்துவப் பட்டம். வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்கள் அங்கே உரிமம் பெறுவதற்கென்றே தனித் தேர்வு முறைகள் இருக்கின்றன. செலவும் காலமும் பிடிக்கும் என்றாலும் அந்த வழியைப் பாருங்கள்.

நீங்கள் கொலராடோவில் இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பீர்கள்?
— ஒரு வாசகர், திருப்பூர்

எதிராக. ஆனால் அடுத்த நாளே டெக்னீஷியன்களின் சங்கத்துக்குப் போய், பத்தாண்டு அனுபவமுள்ளவர்களுக்கு மேற்படிப்பும் தகுதிக்கேற்ற சம்பளமும் உடற்குழிக்கு வெளியே நிற்கும் பணி எல்லையும் கேட்டு ஒரு முன்மொழிவு கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருப்பேன். காப்பகக்காரர்களின் தவிப்பு பொய்யில்லை. அமெரிக்க வேளாண்துறையே மருத்துவர் பற்றாக்குறைப் பகுதிகளை அறிவித்து, அங்கே போய் வேலை செய்பவர்களின் கல்விக்கடனில் ஒரு பகுதியை அடைத்துவருகிறது. பற்றாக்குறை இல்லாத இடத்தில் இதைச் செய்ய மாட்டார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பண்ணைக் கால்நடைகள் உள்ள கிராமப்புறங்கள். நகரத்து மருத்துவமனையில் பூனைக்கு அறுவை செய்யப் பழகிய அசோசியேட் ஒருவர், பனி கொட்டும் இரவில் மலையடிவாரப் பண்ணைக்குப் போய்ப் பசுவின் வயிற்றிலிருந்து கன்றை எடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் மாட்டுக்குக் காய்ச்சல், வலி என்றால் ஊசி போடுபவர் சொல்லும் மருந்தை மருந்துக்கடையில் நாங்களே வாங்கி வந்துவிடுகிறோம். அமெரிக்கக் கதை இருக்கட்டும், இது சரியா?
— ஒரு விவசாயி, சத்தியமங்கலம்

சரியில்லை, உங்கள் ஊருக்கு அது கூடுதலாகப் பொருந்தும். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, அந்த மாடு இறந்த பின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலானவற்றை அழித்துவிட்டது. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் மனிதருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதைத் தடுக்கவே 2015-இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி அளவில் மட்டும் அடைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் பாறுகளின் முக்கியமான வாழிடம் உங்கள் ஊருக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

வலிக்கு மெலாக்சிகம் போடச் சொல்லிக் கேளுங்கள். அது பாறுகளைக் கொல்வதில்லை. மருந்தின் பெயரையும் அளவையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்றும் கேளுங்கள். மாடு படுத்துவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணை அழைத்து, எப்போது கன்று ஈன்றது, கடைசியாக எப்போது தீவனம் தின்றது, காது சில்லிட்டிருக்கிறதா என்பவற்றோடு, ஒவ்வொரு காம்பையும் உள்ளங்கையில் பீச்சிப் பார்த்து என்ன வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.